ஒரு வீட்டுக்காகப் பத்து வீடு

சிஸ்டர்,

காலையில் குளித்துத் துவட்டும்போது இடது கையில் அம்மை குத்திய தழும்புகள் விரலில் பட்டன. மூன்றும் உங்கள் கைவேலை. எந்த ஊரில் ஜனங்கள் பயந்து பின்வாங்கினாலும், "ஆஸ்பத்திரி அண்ணனே குத்திக்கிறாரு பாருங்க" என்று என் சட்டைக் கையைத்தானே சுருட்டுவீர்கள்!

அம்மை குத்துவது ஒரு சாக்கு. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் நான் ரத்தம் சோதிப்பேன். உடலுறவில் தொற்றும் மேகநோய் என்று தெரிந்த இளவட்டங்களிடம் பதமாகப் பேசி, இன்னும் யாருக்குத் தொற்றியிருக்கும் என்று கேட்டுத் தேடிப் போவது நீங்கள். தெரு முழுக்க அம்மை குத்திவிட்டு, அந்த ஒரு வீட்டில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக உட்காருவீர்கள். "ஒரு வீட்டுக்குப் போகணும்னா பத்து வீட்டுக்குப் போகணும்ண்ணே. இல்லேன்னா அந்தப் பொண்ணு தெருவுல தலைகாட்ட முடியாது" என்பீர்கள். நான் வெயிலைத் திட்டிக்கொண்டே பின்னால் வருவேன்.

சேவுகம்பட்டி லாரி கிளீனர், இருபத்திரண்டு வயதுப் பையன், ஊசி போடும்போது அழுதானே. வீட்டில் மனைவி ஐந்து மாதம். அவளுக்கும் உடனே ஊசி போட்டால் பிள்ளை பிழைக்கும் என்றீர்கள். அந்த வாரம் பார்த்து உங்களுக்குக் காய்ச்சல். நான் போனேன்.

ஜீப்பை டீக்கடையில் நிறுத்தி, "மேகநோய்க்கு ஊசி போட்டுக்கிட்டானே கிளீனர், அவன் வீடு எது?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதித் தெரு என் பின்னால் வந்துவிட்டது. "எங்க வீட்டுல அப்படியாப்பட்ட சீக்கு இல்ல, போங்க" என்று மாமியார் கதவைச் சாத்தினாள். உங்களிடம் வந்து, "ஆளுங்க முரட்டு ஆளுங்க, கதவையே திறக்கல" என்றேன். காய்ச்சல் விட்டு நீங்கள் போனபோது அந்தப் பெண்ணை எங்கோ அனுப்பிவிட்டிருந்தார்கள்.

பிரசவத்துக்குத்தான் நம் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அன்று நீங்கள் என் அறைக்கு வந்து நின்றீர்கள். "பிள்ளை அழவே இல்லண்ணே" என்றீர்கள். கொஞ்சம் கழித்து, "நான் படுத்துக் கிடக்காம போயிருந்தேன்னா..." என்றீர்கள். நான் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவியதையே திரும்பக் கழுவினேன்.

பிறகு எத்தனையோ முறை அதையே சொன்னீர்கள். டீக்கடையில் நான் செய்ததை ஒரு தடவையாவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். போன மாதம் பேகம்பூரில் உங்கள் ஜனாஸாவுக்குப் பின்னால் கடைசி ஆளாக நடந்தேன். அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை.

உங்களுக்கு வந்தது வெறும் காய்ச்சல், சிஸ்டர். அந்தப் பிள்ளைக்கு வந்த சீக்கு நான்.