எட்டே நாளில் காலியான சொட்டு மருந்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே மூக்கைத் தவிர எல்லாம் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் மூக்கு உட்பட சுகமாக இருக்க வேண்டும்.

போனில் உன் அம்மா தன் பங்கை விட்டுவிட்டுத்தான் கதை சொல்லியிருப்பாள், அதனால் முழுவதையும் நான் எழுதுகிறேன். உன் அண்ணன் மகள், இரண்டு வயதில் வீட்டையே ஆட்டிவைக்கிறவள், குழந்தைகள் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து மாதம் இரண்டு தடவை சளி, காய்ச்சல். நம் வீடோ தரைத்தளம், சுற்றிலும் உயரமான கட்டிடங்கள், வெயில் உள்ளே வர வழியே இல்லை. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து வைட்டமின் டி குறைவு என்றார். "எலும்புக்கும் வேணும், நோயை எதிர்க்கிற சக்திக்கும் வேணும். அதுக்காக இதைக் கொடுத்தா சளியே வராதுன்னு நெனச்சுக்காதீங்க" என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து எழுதித் தந்தார். தினம் ஒரே வேளை, அரை மில்லி, புட்டி ஒரு மாதம் வரும்.

எட்டாம் நாள் காலையில் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. மூடி ஒழுகியதோ என்று அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா வந்து, யார் இதைக் கொடுப்பது என்று விசாரணை வைத்தாள். பள்ளி வேன் எடுக்கப் போகுமுன் தினமும் நான் கொடுத்திருக்கிறேன். அண்ணி மறந்துவிடுவாள் என்று உன் அண்ணன், லிஃப்ட் வேலைக்குக் கிளம்பும்போது கொடுத்திருக்கிறான். அவன் கட்டாயம் மறப்பான் என்று அண்ணி, குளிப்பாட்டியதும் கொடுத்திருக்கிறாள். அந்தக் கள்ளி ஒவ்வொருவரிடமும் அன்றைக்கு அதுதான் முதல் தடவை என்பதுபோல வாயைத் திறந்திருக்கிறாள், இனிப்பு மருந்தல்லவா. எங்கள் மூவரையும் வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்த உன் அம்மா பாதியில் நிறுத்தி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "சாயங்காலப் பால்ல நானும்ல கலந்து கொடுத்தேன். உங்களையெல்லாம் நம்பவா முடியும்" என்றாள்.

வேனை இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு, நான்கு பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா எங்களை வரிசையாக விசாரித்து, மறுபடி ரத்தம் எடுத்து, மறுநாள் வரச் சொன்னார். அன்று வீட்டில் சாப்பிட்டவள் குழந்தை ஒருத்திதான், எங்கள் தட்டுகளிலிருந்தும் சேர்த்து. மறுநாள், "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகல. ஆனா இதே மாதிரி மாசக்கணக்கா போயிருந்தா கிட்னி கெட்டுப்போயிருக்கும். கொஞ்ச நாள் நிறுத்திட்டு, அப்புறம் ஒரே ஒரு ஆள் கொடுங்க" என்றார். அந்த ஒரு ஆள் அண்ணி என்று முடிவாகிவிட்டது. எனக்குக் கிடைத்தது, வெயில் படட்டும் என்று பேத்திக்கு மொட்டை மாடியில் விளையாட்டுக் காட்டும் வேலை. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் என் நிழலில்தான் வந்து உட்காருகிறாள். வெயிலெல்லாம் என் வழுக்கைக்குத்தான்.

உன் குழந்தைக்கும் இதே மருந்து கொடுக்கச் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாய். மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டால் அங்கே கொடுப்பதற்கு உன்னைத் தவிர ஆளில்லை, இரண்டு தடவை போய்விடுமோ என்ற பயமே இல்லை என்று உன் அம்மாவிடம் ஆறுதலாகத்தான் சொன்னேன். "கைக்குழந்தைய வச்சுக்கிட்டு ஒத்தையில இருக்கா" என்றபடி அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும். அளவைக் கண்ணால் மதிப்பிடாதே, கோடு பார்த்து ஊற்று. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
மருந்துப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு வாங்கியிருக்கும்
உன் அப்பா