சான்றிதழ் சரிபார்க்கும் பொறுப்பு

அருமை வீட்டுக்காரிக்கு,

பயப்படாதே, இந்தப் பன்னாட்டுப் பள்ளியில் இன்னும் வேலையில்தான் இருக்கிறேன். ஆசிரியர்களில் சிலர் போலிச் சான்றிதழ் கொடுத்துச் சேர்ந்திருப்பதாகப் புகார் வந்ததும் முதல்வர் என்னைக் கூப்பிட்டார்.

"மீட்டிங்ல வாயே திறக்காத ஒரே ஆளு நீங்கதான் சார். எல்லாரோட சர்டிஃபிகேட்டையும் நீங்களே செக் பண்ணிடுங்க," என்றார்.

முதல் வேலையாக என்னுடையதில் 'சரி' போட்டேன். கடைசியில் முதல்வருடையதைப் பிரித்தேன். நம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என் சான்றிதழில் பதிவாளர் கையெழுத்தை நீ போட்டாயே, அதே நீண்ட வாலோடு அதே கையெழுத்து!

அதற்கும் 'சரி' போட்டுவிட்டேன், போகட்டும். ஆனால், "உங்க ஒருத்தருக்காகத்தான் இந்தத் தப்பைப் பண்றேன்" என்று அன்றைக்குக் கண்கலங்கினாயே?

இப்படிக்கு,
உன் பட்டதாரிகளில் ஒருவன்