அளவுக்கல் காட்டிய எட்டடி

மே 14, வியாழன்

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான சார் இன்று என் மூன்று வருட அளவீடுகளைத் தன்னுடையவை போலக் கூட்டத்தில் காட்டினார். கோவிலம்பாக்கம் பக்கத்து ஏரியில் எட்டடித் தண்ணீர் நிற்கிறதாம். படகு விட்டால் சுற்றுலா வளரும், கடைகள் வரும், சுற்றுவட்டாரமே பிழைக்கும் என்றார். அதிகாரிகள் கை தட்டினார்கள். என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு டைப்பிங்ல ஹெல்ப் பண்ணாங்க" என்றார்.

எட்டடி என்பது ஏரிக்குள் நட்டிருக்கும் அளவுக்கல் காட்டுவது. அந்தக் கல்லின் அடி சேற்றில் புதைந்து வருடக்கணக்காகிறது. நான் ஒவ்வொரு முறையும் மூங்கில் கழியை இறக்கிச் சேற்றைத் தனியாக அளந்து, என் நோட்டில் பென்சிலால் எழுதுவேன். நல்ல மழைக்குப் பிறகும் தண்ணீர் இரண்டடிதான், மீதி ஆறடி சேறு. ஏரிப் பக்கமே வராத சார், கம்ப்யூட்டரில் இருந்த கல் அளவை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், "ஏதாவது விட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டார்.

"எல்லாம் கரெக்டா இருக்கு சார்."

முதல் படகில் அதிகாரிகளோடு அவர்தான் ஏறப் போகிறார். அது சேற்றில் மாட்டி நிற்கும்போது கரையில் நான் நிற்பேன். நோட்டு கையில் இருக்கும்.

மாலையில் ஏரிக்கரையில் டீ விற்கும் செல்வி அக்கா பிடித்துக்கொண்டார். "ஏரில படகு வுடப் போறாங்களாமே. பெரும்பாக்கத்துல வூட்டு வேலய வுட்டுட்டு இங்கயே பெரிய கடையா போட்டுக்கவா மேடம்?"

உண்மையைச் சொன்னால் நாளைக்கே சார் காதுக்குப் போய்விடும்.

"போடுங்கக்கா" என்றேன்.