மாலைப் படகின் வரி

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். நீயும் சின்னவளும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் எங்கள் கவலை. ஃபோன் போட்டால் நீ அழுகிறாய். நீ அழுதால் எனக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. மழை உண்டா, தண்ணீர் வருகிறதா என்று எதையாவது உளறிவிட்டு வைத்துவிடுகிறேன். எழுத்தில் என்றால் கொஞ்சம் ஒழுங்காகப் பேசுவேன்.

நீ கேட்டதற்கு முதலில் பதில். மூழ்கிப்போன மாலைப் படகின் பயணிகள் பட்டியலில் மாப்பிள்ளையின் பெயர் இல்லை. யாரோ சொல்லக் கேட்டு எழுதவில்லை. அந்தப் படகுக் கம்பெனியின் டிக்கெட் கணக்கெல்லாம் இருக்கும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வதுதானே என் பிழைப்பு, நானே தேடிப் பார்த்தேன். அவர் எடுத்திருந்த டிக்கெட் மறுநாள் காலைப் படகுக்கு. விபத்துக்குப் பிறகு காலைப் படகு கிளம்பவே இல்லை. ஆகவே அவர் எந்தப் படகிலும் ஏறவில்லை.

அப்படியானால் எங்கே போனார் என்று கேட்பாய். தெரியவில்லை. அவர் தங்கியிருந்த விடுதிக்குப் போய் விசாரித்தேன். அன்று மதியமே அறையைக் காலி செய்துவிட்டுப் பையோடு கிளம்பினாராம். 'எங்கேன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல' என்று விடுதிக்காரர் கையை விரித்துவிட்டார். பம்பு ரிப்பேர் வேலை தேடி இந்த ஊருக்கு வந்தவர் என் வீட்டுக்கு வராமல் விடுதியில் தங்கினாரே என்று எனக்கும் வருத்தம்தான். உன்னோடு சண்டை போட்டுவிட்டு வந்து உன் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்று கூச்சப்பட்டிருப்பார். கோபத்தில் வேறு ஏதாவது ஊருக்குப் போயிருக்கலாம். 'கட்டினவளை விட்டுட்டு ஓடிட்டான்' என்று அக்கம்பக்கத்தில் பேசுவதாக எழுதியிருந்தாய். ஊர் வாயை நம்மால் மூட முடியாது. ஓடிப்போனவர் என்றைக்காவது திரும்பி வருவார் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். நீயும் அப்படியே நினைத்துக்கொள்.

கடைசி நேரத்தில் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு மாலைப் படகில் ஏறியிருந்தால் என்றும் கேட்டிருந்தாய். ஏறியிருக்க முடியாது. தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்த மனுஷன் அவர். நாம் அவருக்கு வைத்த பெயரே ஆமை. அவர் முந்தின படகைப் பிடித்தார் என்றால் கேட்பவன் சிரிப்பான். அது போகட்டும், டேட்டாபேஸ் என்று ஒன்று இருக்கிறதே. டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒரு டிக்கெட்டை மாற்றினால், அந்த மாற்றம் முதலில் மெஷினின் மெமரியில் நடக்கும். மெமரி என்பது கரும்பலகை மாதிரி, மெஷின் விழுந்தால், அதாவது திடீரென்று நின்றுபோனால், எல்லாம் துடைத்துப் போய்விடும். அதனால் 'இதை மாற்றினேன்' என்று, விழுந்தாலும் அழியாத டிஸ்கில் ஒரு குறிப்பு எழுதி முடித்த பிறகுதான் 'ஆயிற்று' என்று திரையில் காட்டும். ஆயிற்று என்று சொன்ன பிறகு அது எதையும் தொலைக்காது. மனிதர்களை நான் அவ்வளவு நம்புவதில்லை. அதை நம்புகிறேன்.

சிரிக்க ஒரு விஷயம் எழுதுகிறேன். இறந்தவர்கள் பட்டியலில் இருந்த ஒரு வாத்தியார் நேற்று எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து, 'நான் செத்துட்டேன்னு எவன்யா எழுதினது' என்று மேனேஜரின் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டார். படகைத் தவறவிட்டிருப்பீர்கள் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். நம் ஆமையும் ஒருநாள் அப்படி வந்து நிற்பார், பார்.

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. சின்னவளுக்கு மாமாவின் முத்தங்கள்.

உன் அன்பு அண்ணன்

* * *

அன்புள்ள தங்கைக்கு,

இதைப் பிரிக்கும்போது சின்னவள் பக்கத்தில் இருந்தால், அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து படி.

போன கடிதத்தில் நான் எழுதியது தப்பு. மாப்பிள்ளை அந்த மாலைப் படகில்தான் வந்தார் அம்மா. இந்த ஒரு வரியை எழுத எனக்கு எத்தனை தாள் கிழிந்தது என்று உன் அண்ணிக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய், கேட்க வேண்டும். அடித்துச் சொன்னவனே இன்று மாற்றிச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டிக்கெட் ஜன்னலில் ஒரு பெண் இருக்கிறாள். கெட்டிக்காரி, கொஞ்சம் வாயாடி. படகு கிளம்புவதற்குச் சற்று முன்பு ஒருவருக்குக் காலை டிக்கெட்டை மாலைக்கு மாற்றிக் கொடுத்ததாகவும், அவர் பெயர் பட்டியலில் இல்லை என்றும் விபத்து நடந்ததிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அதிர்ச்சியில் உளறுகிறாள் என்று விடுப்பில் போகச் சொல்லிவிட்டார்கள். போகாமல் என் அறை வாசலுக்கு வந்து நின்றாள். நானும் உனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன், டேட்டாபேஸ் தொலைக்காது என்று. 'அப்ப நான் பொய் சொல்றேனா அண்ணே? திரையில ஆயிடுச்சுன்னு வந்ததை இந்தக் கண்ணால பாத்தேன்' என்றாள். ஏனோ தெரியவில்லை, ஃபோனை எடுத்து மாப்பிள்ளையின் படத்தைக் காட்டினேன். 'இவருதான் அண்ணே' என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வாத்தியார் ஞாபகம் வந்தார். தவறவிட்டிருப்பீர்கள் என்று சொன்னபோது அவர், 'தவறவிடல, காலைக்கு மாத்தினேன்' என்று கத்தியது காதில் விழுந்துதான் இருந்தது. செத்தவர் உயிரோடு வருகிறார், உயிரோடு இருக்க வேண்டியவரைக் காணோம். இருவருமே டிக்கெட் மாற்றியவர்கள். உடனே உட்கார்ந்து மெஷினைக் குடைந்தேன். அன்று மாலை, கூட்டம் அலைமோதிய நேரத்தில், மெமரி போதாமல் டேட்டாபேஸ் ஒருமுறை விழுந்து தானே எழுந்திருக்கிறது. எழுந்துவிட்டதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழுந்தால் என்ன, குறிப்புதான் டிஸ்கில் இருக்குமே என்று பார்த்தால், அங்கேதான் மண் விழுந்திருக்கிறது. ஜன்னலில் வரிசை நீளுகிறது, வேகம் போதவில்லை என்று மேனேஜர் என்னிடம் சொல்லாமல் வேறொருவனை வைத்து டேட்டாபேஸ் வேலை செய்யும் விதத்தில் ஒன்றை மாற்றியிருக்கிறார். முதலில் 'ஆயிற்று' என்று சொல், குறிப்பைச் சற்றுப் பொறுத்து எழுது. இப்படி மாற்றினால் வேகம் கிடைக்கும், உண்மைதான். அந்தச் சற்று நேரத்துக்குள் மெஷின் விழுந்தால், ஆயிற்று என்று சொன்னதெல்லாம் போச்சு. கேட்டதற்கு, 'கண்ணை மூடித் திறக்கிற நேரம்தானேய்யா' என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன்.

எழுந்த டேட்டாபேஸ் டிஸ்கில் இருந்த பழையதைப் படித்தது. அதில் மாப்பிள்ளைக்குக் காலைப் படகு. அதே நேரத்தில் ஏறுமிடத்தில் டிக்கெட் சரிபார்க்கும் கருவியும் நின்றுபோயிருக்கிறது. நல்ல மழை, பின்னால் கூட்டம். தாளைக் கண்ணால் பார்த்தே ஏற்றிவிட்டார்கள்.

ஆனால் ஒன்று இருந்தது. டேட்டாபேஸ் விழுகிறபோது, தன் மெமரியில் அந்த நொடி என்னவெல்லாம் இருந்ததோ அதை அப்படியே படம் பிடித்த மாதிரி ஒரு கோப்பில் கொட்டிவிட்டுப் போகும். இடத்தை அடைக்கிறது என்று வழக்கமாக அழித்துவிடுவோம். இதை அழிக்க யாருக்கும் நேரம் இல்லாமல் போனது நம் நல்ல நேரமா கெட்ட நேரமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதை எப்படிப் படித்தேன் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், உனக்குச் சந்தேகம் வரக்கூடாது. ஒரு பயணியைப் பற்றிய விவரம் எல்லாம் ஒரு வரி. ஒரு வரி வேண்டுமென்றாலும் டேட்டாபேஸ் அதை மட்டும் எடுக்காது, அது இருக்கும் பக்கம் முழுவதையும் மெமரிக்குக் கொண்டுவரும். ஒரு சட்டைக்காக அலமாரித் தட்டையே தூக்கி வருகிற உன் வீட்டுக்காரர் மாதிரி. பக்கத்தின் தலைப்பில், எந்த வரி எங்கே கிடக்கிறது என்று சின்னச் சின்ன அடையாளங்கள். வரிகள் அடியிலிருந்து மேலே அடுக்கப்பட்டிருக்கும். நடுவில் காலி இடம். வரிக்குள் இது பெயர், இது படகு என்று எதுவும் எழுதியிருக்காது. வெறும் எண்கள், ஒன்றன்பின் ஒன்றாக. எத்தனையாவது எண்ணில் எது தொடங்குகிறது என்று தெரிந்தவன்தான் பிரித்துப் படிக்க முடியும். எனக்குத் தெரியும். இதற்கு முன்னால் அதைத் தெரிந்துவைத்ததற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை.

ஒரு வரியை மாற்றினால் டேட்டாபேஸ் பழையதை உடனே அழிக்காது. பழைய வரியின் நெற்றியில் 'இது இனி செல்லாது, மாற்றியவர் இன்னார்' என்று குறித்துவிட்டு, புது வரியை அந்தக் காலி இடத்தில் எழுதும். பழையதிலிருந்து புதியதற்கு வழியும் காட்டிவைக்கும். மாப்பிள்ளையின் பெயர் அந்தப் பக்கத்தில் இரண்டு தடவை இருந்தது. காலைப் படகு வரி, செல்லாது என்ற குறியோடு. அது காட்டிய வழியில் போனால் இன்னொரு வரி, மாலைப் படகு. மாற்றம் முடிந்தது என்ற குறியும் மெமரியில் சரியாக இருந்தது. தப்பாகப் படித்திருக்க மாட்டேனா என்று திரும்பத் திரும்பப் பிரித்தேன். ஒவ்வொரு தடவையும் அதே படகு. கொஞ்சம் தள்ளி வாத்தியாரின் இரண்டு வரிகளும் கிடந்தன, அவருக்கு மாலையிலிருந்து காலைக்கு.

டிக்கெட் மாற்றினால் காரணம் என்ன என்று அந்த மென்பொருள் கேட்கும், எதையாவது அடித்தால்தான் மேலே விடும். ஜன்னல்களில் பெரும்பாலும் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வாத்தியாருக்குப் புள்ளிதான். இந்தப் பெண் மட்டும், எதிரில் நிற்பவர் சொல்வதை அப்படியே அடித்துவிடுகிற வழக்கம் உள்ளவள். மாப்பிள்ளையின் வரியின் கடைசியில் இப்படி இருக்கிறது: 'சண்டை போட்டுட்டு வந்துட்டேன், மனசு கேக்கல, இன்னைக்கே வீட்டுக்குப் போகணும்.'

உன்னை விட்டு ஓடவில்லை தங்கச்சி. உன்னிடம்தான் வந்துகொண்டிருந்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் அவசரப்பட்டார். நீ போட்ட சண்டையால்தான் வந்தார் என்று நீ உன்மேல் பழியைத் தூக்கிப் போட்டுக்கொள்வாய், எனக்கு உன்னைத் தெரியும். போட்டுக்கொள்ளாதே. எந்த வீட்டில் சண்டை இல்லை? நானும் உன் அண்ணியும் போடாத சண்டையா?

மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, 'இது சாட்சியா நிக்காது, அழிச்சிடு' என்றார். அழிக்கவில்லை. நகல் எடுத்து, விசாரணை அதிகாரியிடம் ஒன்று கொடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணும் என்னோடு வந்து சொன்னாள். என் வேலை இருக்குமா என்று தெரியவில்லை, அண்ணி கவலைப்படுகிறாள், நான் படவில்லை. அதிகாரி நல்ல மனிதர். ஆனால் இறந்தவர் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால் மனைவிதான் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், வேறு யாராலும் முடியாது என்கிறார். அதனால் இன்று வரை கம்பெனியின் கணக்கில் மாப்பிள்ளை காலைப் படகுக்குக் காத்திருப்பவர்தான். அப்படியே இருக்கட்டும் என்று நீ சொன்னால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். எனக்கே அந்தப் பழைய வரியை நம்பிக்கொண்டிருக்கத்தான் ஆசை.

இத்தனை நாள் தபால் படகு மட்டும்தான் ஓடியது, நாளைக்குப் பயணிகள் படகும் விடுகிறார்கள். நான் அதற்கு அடுத்ததில் வருகிறேன். கடிதம் முந்தி வரட்டும் என்றுதான் இப்படி. வாசலில் உன்னைப் பார்த்து இதைச் சொல்ல என்னால் முடியாது. நான் வந்ததும் என்னிடம் எதுவும் கேட்காதே, நானும் மழையைப் பற்றிப் பேச மாட்டேன். அதிகாரி கொடுத்த தாளைக் கொண்டுவருகிறேன். உடனே போட வேண்டியதில்லை, இந்த வருஷம்கூடப் போட வேண்டியதில்லை. என்றைக்குப் போட்டாலும் அன்றைக்கு எனக்குச் சொல்லி அனுப்பு. நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். தனியாக மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதே அம்மா.

உன் அண்ணன்