மறுபடியும் கட்டிய கயிறு

பெரம்பலூர்,
3-5-1983

அன்புள்ள மலருக்கு,

நீ கோபித்துக்கொண்டு பாப்பாவோடு உன் அப்பா வீட்டுக்கு அரியலூர் பஸ் ஏறி இருபது நாளாகிறது. அதைப் பற்றி இப்போது எழுதப் போவதில்லை. நேற்று இங்கிருந்து செட்டிகுளம் மலைக்கோயில் வரை ஓட்டப்பந்தயம் நடந்தது. நானும் ஓடினேன். நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

சித்திரை வெயிலில் தார் உருகிக் காலில் ஒட்டியது. பாதி வழியில் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். மாட்டுவண்டிக்காரர் ஒருவர், "ஏறிக்குங்க, யாரு பாக்கப் போறா?" என்றார். வழக்கமாக நான் ஏறிவிடுவேன், உனக்குத் தெரியும்.

"வேணாங்க, நடந்தாவது போயிடுறேன்" என்று எழுந்தேன்.

மலைப்படியில் கையையும் ஊன்றித்தான் ஏறினேன். உச்சிக்குப் போனபோது பரிசெல்லாம் கொடுத்து முடித்து, எல்லைக் கயிற்றையும் சுருட்டிவிட்டிருந்தார்கள். நடுவராக இருந்த டிரில் மாஸ்டர் என்னைப் பார்த்ததும் தயிர்ச்சோற்றுக் கையோடு எழுந்து, "இன்னொருத்தர் வராரு, கயித்தக் கட்டுங்கப்பா" என்றார்.

எனக்காக மட்டும் கட்டினார்கள். நெஞ்சு பட்டு அது விழுந்தபோது அழுதுவிட்டேன். அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அரியலூர் வருகிறேன். காலெல்லாம் கொப்புளம், செருப்பு போட முடியவில்லை. உன் அப்பா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்தே வருகிறேன். அவரிடம் நான்தான் முதலில் பேச வேண்டும்.

இப்படிக்கு,
கடைசியாக வந்தாலும் வந்து சேர்ந்த
உன் வீட்டுக்காரன்