அக்கினி மூலையில் ஒரு பொய்

தை 9, வியாழன்

பனி. எதிர் பிளாக் தெரியவில்லை. உளுந்து ஊறப்போட மறந்துபோச்சு. எல்லாம் வீட்டு நினைப்பு. நாளை வடலூர் ரோட்டு மனையில் எங்கள் புது வீட்டுக்கு அஸ்திவாரக் கோடு போடுகிறார்கள்!

பக்கத்து மனை மல்லிகா அக்காவுடையது (இனி ம.அ., கை வலிக்கிறது). குவார்ட்டர்ஸில் இருபது வருஷமாக எங்களுக்கு ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர்கள் படுக்கிற அறை, இந்தப் பக்கம் எங்களது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து அக்கா வீட்டுக்காரர், அந்த அண்ணன், பகலில் விடும் குறட்டையில் என் டம்ளர் ஆடும். எனக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை என்றால் மறுநாள் ம.அ. ஒரு கிண்ணம் பாயசம் தருவார். ஒன்றும் கேட்க மாட்டார். சுவர் வழியாக எல்லாம் காதில் விழுந்திருக்கும், அதனால்தான் அந்தப் பாயசம் இறங்காது.

இரண்டு வீட்டுக்கும் ஒரே இன்ஜினியர். "குவார்ட்டர்ஸ் மாதிரியே போடுங்க" என்று நாங்களே கேட்டுத் தொலைத்தோம். படத்தைப் பார்த்தால் நடுவில் ஆறடிச் சந்து, படுக்கை அறை ஜன்னலுக்கு நேரே படுக்கை அறை ஜன்னல். விடுவேனா? போன் போட்டேன்.

"சார், எங்க வூட்ட மட்டும் இடம் வலம் மாத்திடுங்க. சமையல்கட்டு அக்கா பக்கம் வரட்டும், படுக்குற ரூம் அந்தாண்ட போவட்டும். அக்காகிட்ட மூச்சு விடாதீங்க."

மனுஷன் ஏனோ ரொம்ப நேரம் இருமினார்.

புது அறையில் செய்ய வேண்டியவை:
1. முழுத் தொண்டையில் சண்டை.
2. நைட்டியோடு டிவி பாட்டுக்கு ஆட்டம்.
3. வீட்டுக்காரரையும் ஆட வைப்பது (இடுப்பு வலியாம், பார்க்கலாம்).

தை 10, வெள்ளி

எலுமிச்சை, கற்பூரம், பூ, எல்லாம் எடுத்தோம். தீப்பெட்டி மறந்தோம். கொத்தனார் தந்தார். கயிறு கட்டிச் சுண்ணாம்பு போட்டதும் தரையில் என் வீடு! சமையல்கட்டுக் கோட்டுக்குள் நின்று சும்மாவே தோசை வார்த்தேன்.

"ஆளுங்க பாக்குறாங்கடி," வீட்டுக்காரர்.

ம.அ. வந்தார். கோட்டைப் பார்த்தார். "சமையல்கட்டு எங்க பக்கமா வருது?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "வாஸ்துக்காரர் சொல்லிட்டாருக்கா. அக்கினி மூலை கிழக்காலதானாம்."

எந்த வாஸ்துக்காரர் முகத்தையும் நான் பார்த்ததில்லை.

அக்கா முகம் சுருங்கியது. டீ குடிக்காமல் போய்விட்டார்.

தை 11, சனி

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அண்ணன் குறட்டைகூட அடக்கமாக. இரண்டு முறை தட்டினேன். எப்போதும் "இன்னாடி?" வரும். வரவில்லை. இருபது வருஷத்துக்கு முதுகைக் காட்டிவிட்டேன் என்று நினைத்துவிட்டாரா?

"போய் உண்மையச் சொல்லேன்," வீட்டுக்காரர். எதை? உங்கள் பாயசம் இறங்கவில்லை என்றா?

இன்ஜினியருக்குப் போன். பழையபடியே மாற்றிவிடலாமா?

"நாளைக்கு அவங்க மனைக்கு வாங்கம்மா. அப்புறம் சொல்லுங்க." மறுபடி இருமல்.

தை 12, ஞாயிறு

ம.அ. மனையில் கோடு. கூப்பிடவில்லை, போனேன். பார்த்தால் அவர்கள் சமையல்கட்டு என் சமையல்கட்டுக்கு நேர் எதிரே! படுக்கை அறை அந்தக் கோடிக்கு ஓடியிருக்கிறது.

"இன்னாக்கா இது?"

"வாஸ்து," தரையைப் பார்த்துச் சொன்னார். "அக்கினி மூலை."

"எனக்குக் கிழக்கால, உனக்கு மேற்காலயா? அக்கினி இன்னா நடுச் சந்துல குந்திக்கினு இருக்கா?"

இன்ஜினியர் இந்தத் தடவை இருமவில்லை, வாய்விட்டுச் சிரித்தார். போன வாரமே அக்காவும் மாற்றச் சொல்லி, என்னிடம் மூச்சு விடக்கூடாது என்றாராம்!

அக்கா என் பக்கம் திரும்பினார். "நான் அழுதா மறுநாள் காலையில வந்து நிப்ப. கோணங்கித்தனம் பண்ணி சிரிக்க வெப்ப. கேட்டுட்டன்னு தெரியும். வெக்கமா இருக்கும்டி. அன்னிக்கு உன் கோட்டப் பாத்ததும் இன்ஜினியர் உளறிட்டாருன்னு நெனச்சேன்."

நானும் பாயசத்தைச் சொல்லிவிட்டேன்.

"அப்ப இத்தினி வருசம் பிடிக்காமதான் தின்னியா?"

"கிண்ணத்தக் கழுவித்தானக்கா குடுத்தேன்!"

சிரித்துச் சிரித்து அக்கா வீட்டுக் கோட்டை மிதித்து அழித்தோம். கொத்தனாரிடம் இரண்டு பேருக்கும் திட்டு.

முடிவு: சமையல்கட்டு ஜன்னல் நேருக்கு நேரே இருக்கட்டும். கண்ணாடி வேண்டாம், மரக்கதவு. தாழ்ப்பாள் அவரவர் உள்பக்கம். இரண்டும் திறந்திருந்தால் பேச்சு. ஒன்று மூடியிருந்தால் பாயசமும் இல்லை, கோணங்கியும் இல்லை.

சாயங்காலம் சுவரில் மூன்று தட்டு. ஓடினேன்.

"இன்னாக்கா?"

"அங்க போனா எதடி தட்றது?"

"கரண்டியால ஜன்னலத் தட்டு. ஆடிக்கினு இருந்தா தொறக்க மாட்டேன்."