இரண்டாம் தடவை வந்த லாரி

சென்னை,
5-2-86

அன்புத் தங்கை பாஞ்சாலிக்கு,

அண்ணன் கிருஷ்ணப்பன் எழுதுவது. நான் சுகம். பால்வாடிப் பிள்ளைகளோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது என்று எழுதியிருந்தாயே, இப்போது எப்படி இருக்கிறது?

நான் கதை வசனம் எழுதிய ‘இன்னும் முடிவாகவில்லை’ வருகிற வெள்ளிக்கிழமை நம் அரூர் சினிமாக் கொட்டாய்க்கு வருகிறது. சினிமாவுக்குக் கதை எழுத உட்கார்ந்த ஒருவன், கதை வராமல் தன்னையே கதைக்குள் போட்டுக்கொள்கிறான். நாம் பார்க்கிற படமே அவன் எழுதிக்கொண்டிருக்கிற படம்தான். இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒரு பத்திரிகை தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. இன்னொன்று, எழுத வரவில்லை என்பதையே எழுதிக் காசாக்கிவிட்டான் என்று திட்டுகிறது. படித்தவர்கள் பேச்சைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நம் ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது. கடிதம் எழுதுவதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆட்கள் எதிரில் நின்று பேசுவது போல இருக்கும்.

தீர்த்தம்மாவை உன்னிடமே விட்டுவிட உன் புருஷன் வீட்டில் சம்மதித்தது பெரிய நிம்மதி. அவள் அப்பன் உன்னை அடித்த அடிக்கு, பிள்ளையாவது உன்னோடு இருக்கட்டும். எப்போது அனுப்புகிறார்களாம்?

உன் அண்ணன்,
கிருஷ்ணப்பன்


அரூர்,
17-2-86

அன்புள்ள அண்ணாவுக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. பிள்ளையை மாசி முடிவதற்குள் கொண்டுவந்து விடுவதாக அவள் அப்பனைப் பெற்ற ஆயா செல்லம்மாள் வாயாலேயே சொல்லியிருக்கிறார். பாவாடை தைத்து வைத்துவிட்டேன். இரண்டு வருஷத்தில் எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று தெரியாமல் அளவு குத்துமதிப்புதான்.

இனி உங்கள் படத்து விஷயத்துக்கு வருகிறேன். போஸ்டரைப் பார்த்த டீக்கடை மாது, “கொட்டாய்க்கு வர்றதே இன்னும் முடிவாகலியாம்” என்று எல்லோருக்கும் சொல்லி, முதல் நாள் பாதி ஊர் போகவில்லை. மறுநாள் போய்விட்டு வந்து, “எழுதறவனுக்கே கதை தெரியலீங்க, அதுக்கு நாம டிக்கெட் எடுத்துக் குந்தணுமா?” என்று கத்தினார். ஹைஸ்கூல் தமிழ் ஐயா மூன்று ஆட்டம் பார்த்துவிட்டார். படம் தன்னைப் பார்த்தே சிரிக்கிறது, உங்களுக்கெல்லாம் புரியாது என்று மாதுவிடம் சொல்லப்போய், அன்றிலிருந்து ஐயாவுக்கு அங்கே டீ கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்து வீட்டு அக்தர் பேகமும் போனோம். கதாசிரியன் பேனாவைத் தொலைத்துவிட்டுத் தன் கதாநாயகனிடமே கடன் கேட்கிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் அண்ணன் எழுதினது என்று நான் பெருமையடித்துக்கொண்டும் இருந்தேன்.

அப்புறம் அந்த லாரி வந்தது.

புருஷனிடம் அடிபட்டு, ஒற்றைச் செருப்போடு தொப்பூரில் லாரியை நிறுத்தி ஏறுகிறாள் ஒருத்தி. எங்கே இறங்கணும் என்று டிரைவர் கேட்கிறான். “எறங்கற எடம் தெரியும்ங்க, ஏறுன எடத்த மட்டும் கேக்காதீங்க” என்கிறாள். டிரைவர் சிரிக்கிறான், அவளும் சிரிக்கிறாள், லாரி இருட்டில் போய்விடுகிறது. அதோடு அவள் வரவே இல்லை.

அண்ணா, நான் ஏறியது பட்டப்பகலில். டிரைவர் சவுரியப்பனிடம் நான் சொன்ன வார்த்தை அது. அவரைத் தவிர உங்களுக்கு மட்டும்தான் தெரியும், நான் கடிதத்தில் எழுதியதால். அவர் அரூர் மண்டிக்கு லோடு கொண்டு வந்தவர். நம் வாசலில் என்னை ஒற்றைச் செருப்போடு இறக்கிவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். தெருவே பார்த்தது.

கொட்டாயில் முன்னால் உட்கார்ந்திருந்த நம் தெரு முனியம்மாள் திரும்பி என் காலைப் பார்த்தாள். நான் இரண்டு செருப்பும் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன்.

ஏன் இப்படிச் செய்தீர்கள்?

பாஞ்சாலி


சென்னை,
21-2-86

அன்புத் தங்கைக்கு,

நீ பாதியில் எழுந்து வந்துவிட்டாயா? முதலில் வருவது தயாரிப்பாளரை மயக்கக் கதாசிரியன் சொல்லும் பொய். அடுத்து அவனே, “அது பொய், நடந்தது வேறு” என்கிறான். அதே லாரி, அதே தொப்பூர், அதே ஆரம்பம் மறுபடி வருகிறது. இந்தத் தடவை பகல். டிரைவர் அவளை அம்மா என்று கூப்பிடுகிறான், வாசலில் விடுகிறான், தண்ணீர் வாங்கிக் குடிக்கிறான். நீ எழுதியபடியே வைத்திருக்கிறேன். சென்னையில் அந்த இடத்துக்கு எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.

மறுபடி போய் முழுக்கப் பார். அப்புறம் அண்ணனைத் திட்டு.

கிருஷ்ணப்பன்


அரூர்,
27-2-86

அண்ணாவுக்கு,

நான் முழுக்கத்தான் பார்த்தேன். இரண்டாவது லாரி அரூருக்கு வரவே இல்லை.

ஆபரேட்டர் கவுஸ் பாஷாவிடம் போய்க் கேட்டேன். “ஒரே சீன ரெண்டு தபா பிரிண்ட் போட்டு அனுப்பிட்டாங்கன்னு நெனச்சேன்மா. போட்டதையே போடறேன்னு சனம் மண்ண வாரித் திரையில அடிச்சுது. மொத ஆட்டத்தோட அந்த ரீல எடுத்து ஓரமா வெச்சிட்டேன்” என்றார். பாவம், அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவரை நான் என்ன சொல்ல? ஒரு படத்துக்குள் இரண்டு தடவை ஒரே லாரி எதற்கு வரும் என்று யாருக்குத் தெரியும்?

நேற்று செல்லம்மாள் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். “லாரியில போனவளுக்குப் புள்ள எதுக்கு?” இவ்வளவுதான் சேதி. தைத்த பாவாடையைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

பாஞ்சாலி


சென்னை,
3-3-86

அன்புத் தங்கைக்கு,

படித்துவிட்டுத் துடித்துப்போனேன். விநியோகஸ்தரைப் பிடித்துச் சண்டை போட்டு, கொட்டாய்க்குத் தந்தி கொடுக்க வைத்துவிட்டேன். வருகிற ஞாயிறு அந்த ரீலோடு ஓட்டுவார்கள். செல்லம்மாளை எப்படியாவது கூட்டி வந்து உட்கார வை. தன் கண்ணால் பார்த்தால் மனசு மாறிவிடும். எல்லாம் நல்லபடி முடியும். தைரியமாக இரு.

கிருஷ்ணப்பன்


அரூர்,
12-3-86

அண்ணாவுக்கு,

செல்லம்மாள் வந்தார். அக்தர் பேகம்தான் நேரில் போய்க் கெஞ்சி அழைத்து வந்தார். தீர்த்தம்மாவும் வந்திருந்தாள், ஆயாவின் மடியைவிட்டு இறங்கவில்லை. பாவாடை அவளுக்குச் சின்னதாகத்தான் இருக்கும்.

இரண்டாவது லாரி வந்தது. நான் எழுதியபடியே எல்லாம் இருந்தது, சொம்புகூட. கொட்டாயில் ஒரே கூச்சல். “மொதல்ல போனதே நல்லாருந்துச்சு, இது சப்புன்னு கீது” என்றார்கள் ஆண்கள் பக்கத்தில். தமிழ் ஐயா எழுந்து, இரண்டும் உண்மை, இரண்டும் பொய், அதுதான் கலை என்றார். மாது அவரை உட்காரச் சொன்னார். இன்னும் வெளியே சண்டை ஓயவில்லை.

செல்லம்மாள் ஒன்றும் கத்தவில்லை. வெளியே வந்து நிதானமாகச் சொன்னார்: “அவ அண்ணனே ஒருக்கா போனாங்கறான், ஒருக்கா வந்தாங்கறான். கூடப் பொறந்தவனுக்கே தெரியல. நா எத நம்பிப் புள்ளய வுடுறது?”

இதற்கு உங்களுக்குப் பதில் வருமா?

உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது அண்ணா. முதல் லாரிக்கும் என்னைக் கேட்கவில்லை, இரண்டாவதற்கும் கேட்கவில்லை. உங்களுக்கு வேண்டுமானால் பத்து விதமாக எழுதிப் பார்க்கலாம். எனக்கு அது நடந்தது ஒரு தடவைதான். அதை உங்களை நம்பித்தான் எழுதினேன். நீங்கள் அண்ணனாகப் படிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாஞ்சாலி


சென்னை,
18-3-86

என் கண்ணான பாஞ்சாலிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, உனக்கு உரிமை உண்டு.

ஆனாலும் அந்தக் கிழவி கேட்டாளே ஒரு கேள்வி! நான் ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டாலும் எனக்கு அப்படி ஒரு வரி வராது. தயாரிப்பாளரிடம் படித்துக் காட்டினேன், நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அடுத்த படம் இதுதான் என்கிறார். ஒரு படம் ஒரு பெண்ணின் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்கிற கதை. இந்த முறை நியாயம் முழுக்க உன் பக்கம்தான். ஊரே அழும், செல்லம்மாளும் அழுவாள், பார்.

அன்று கொட்டாய் வாசலில் தீர்த்தம்மா உன்னைப் பார்த்தாளா? ஏதாவது சொன்னாளா? நீ எப்படி நின்றாய்? சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிடாதே. விவரமாக எழுது. காத்திருக்கிறேன்.

கிருஷ்ணப்பன்


(அஞ்சலட்டை)

அரூர்,
2-4-86

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இங்கே வெயில் அதிகம்.

பாஞ்சாலி


சென்னை,
9-4-86

அன்புத் தங்கைக்கு,

கார்டு கிடைத்தது. இது என்ன, யாரோ எவருக்கோ எழுதியது போல? படம் கிடக்கட்டும், எழுதவில்லை என்று தயாரிப்பாளரிடம் சொல்லிவிடுகிறேன். நேற்று அரூர்க்காரர் ஒருவரைப் பார்த்தேன். உன் வாசலில் ஒரு சிறுமி விளையாடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அது பால்வாடிப் பிள்ளையா, நம் தீர்த்தம்மாவா? வந்துவிட்டாளா பாஞ்சாலி? அந்த ஒன்றை மட்டும் எழுது. நான் அண்ணனாகத்தான் கேட்கிறேன்.

கிருஷ்ணப்பன்


(அஞ்சலட்டை)

அரூர்,
5-5-86

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இங்கே இன்னும் மழை இல்லை.

பாஞ்சாலி